அந்தக் காப்புறுதி வங்கிக்குத்தான், தம்பி

தம்பி, 5 வீதம் முற்பணம் கட்டி கனடாவில் ஒன்ராறியோவில் வீடு வாங்கப் போகிறேன், மோர்ட்கேஜ் (வீட்டுக்கடன்) காப்புறுதி கட்டாயம் என்கிறார்கள், நாளைக்கு வேலை போனால் கடனை அது பார்த்துக்கொள்ளும்தானே என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. பிரீமியம் கட்டுவது நீங்கள், பாதுகாப்பு வங்கிக்கு. வந்த புதிதில் நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன்.

5 லட்சம் டொலர் வீடு என்று வைப்போம். முற்பணம் 25,000, கடன் 4,75,000. அதற்கு 4 வீத பிரீமியம், அதாவது 19,000 டொலர், கடனோடு சேர்ந்துவிடும். அதற்கும் வட்டி ஓடும். பிரீமியத்துக்கு மேல் 8 வீத மாகாண வரி, 1,520 டொலர். இதைக் கடனில் சேர்க்க முடியாது, வீடு கைக்கு வரும்போது காசாக வைக்க வேண்டும்.

சரி, தவணை தவறினால்? 15 நாள் கழிந்ததும் ‘பவர் ஒஃப் சேல்’ அறிவித்தல், அதாவது வீட்டைத் தானே விற்கப்போவதாகச் சொல்லும் கடிதம், அனுப்ப வங்கிக்கு இங்கே உரிமை உண்டு. அதன்பின் குறைந்தது 35 நாள் அவகாசம். அதற்குள் நிலுவையைச் செலவுகளோடு கட்டினால் வீடு தப்பும். இல்லையென்றால் விற்பார்கள். கடன் 4,90,000 நிற்கும்போது வீடு 4,40,000க்குப் போய், முகவர், சட்டத்தரணி, வட்டி என்று இன்னும் 30,000 கழிந்தால் 80,000 துண்டு விழும். அந்த 80,000ஐக் காப்புறுதி நிறுவனம் வங்கிக்குக் கொடுக்கும். கொடுத்துவிட்டு அதே தொகையை உங்களிடம் கேட்கலாம், வழக்கும் போடலாம். அமெரிக்காவில் சில மாநிலங்களில் சாவியை வங்கியிடம் கொடுத்தால் கடன் தீர்ந்தது, போகலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கதையை இங்கே நம்ப வேண்டாம். அப்படியொரு சலுகை உள்ள அல்பேர்ட்டா மாகாணத்தில்கூட, காப்புறுதி செய்த கடனுக்கு அது இல்லை.

இதெல்லாம் எனக்கு மச்சானின் வீட்டால்தான் தெரியவந்தது. 2022 தொடக்கத்தில், விலை உச்சத்தில் இருந்தபோது, மாறும் வட்டியில் வாங்கினார். வருமானம் போதவில்லை என்று வங்கி சொல்ல, நானும் கடனில் கையெழுத்து வைத்தேன். ‘சும்மா ஒரு கையெழுத்துத்தானே’ என்றார் அக்கா. அந்த வருட மார்ச்சுக்கு முன் 0.25 வீதமாக இருந்த மத்திய வங்கியின் வட்டி, 2023 ஜூலையில் 5 வீதம். மச்சானுக்கு ஓவர்டைமும் நின்றுபோனது. தவணை தவறியதை எங்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை. கடைசியில் நான் போனபோது, அக்கா சமையலறை லாச்சியை இழுத்துக் காட்டினார்: கரண்டிகளுக்கு மேலே ஏழு கடித உறைகள், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. 35 நாளில் ஆறு நாள்தான் மிச்சம்.

வீடு போனது. துண்டு விழுந்த தொகைக்கான கடிதம் மச்சான் பெயருக்கு ஒன்று, என் பெயருக்கு ஒன்று வந்தது. பேசித் தவணையாக்கி இன்றைக்கும் கட்டுகிறோம். எனக்கு இப்போதும் மனம் ஆறாதது அந்த உறைகள்தான். முதல் கடிதத்திலேயே வங்கியோடு பேசியிருந்தால், கடன் காலத்தை நீட்டவோ, சில தவணைகளைப் பின்தள்ளவோ, நிலுவையைக் கடனோடு சேர்க்கவோ கேட்டிருக்கலாம். காப்புறுதி செய்த கடனுக்கும் இந்த வழிகள் உண்டு. அதுவும் சரிவராவிட்டால் வீட்டை நாங்களே விற்றிருக்கலாம். வங்கியின் வழக்குச் செலவாவது எங்கள் தலையில் விழுந்திருக்காது.

வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை தம்பி. வேலை இல்லாமல் ஆறு மாதத் தவணை கட்டக்கூடிய காசு, முற்பணம் போக, கையில் இருக்கட்டும். வேலை இழப்புக்கோ நோய்க்கோ உங்களுக்கென்று பாதுகாப்பு வேண்டுமென்றால் அது வேறு காப்புறுதி, தனியாகத்தான் எடுக்க வேண்டும். சித்தப்பா கூடக் கையெழுத்து வைப்பதாக எழுதியிருந்தீர்கள். சட்டத்தரணியிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். துண்டு விழுந்தால் அவரிடமும் கேட்பார்களா என்று அவர் முன்னாலேயே கேளுங்கள்.