ரேஞ்ச்லேண்ட் படிக்கிற மாணவர்களுக்கான கிளப்புல சேர்றது பிரயோஜனமா? கால்நடையே வளர்க்காத குடும்பத்துலேர்ந்து வர்றவங்களுக்கு அதுல இடம் இருக்கா?

அமெரிக்காவோட மேற்குப் பக்க யுனிவர்சிட்டி ஒண்ணுல ரேஞ்ச்லேண்ட் சயின்ஸ், அதாவது புல்லும் புதரும் தானா வளர்ற பரந்த மேய்ச்சல் நிலத்தைப் பத்தின படிப்பு, படிக்கப் போறேன், அங்க ரேஞ்ச் கிளப்னு ஒண்ணு இருக்கு, ஆடு மாடு பத்தி ஒண்ணும் தெரியாம அதுல போய் என்ன பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. சேருங்க, முதல் வாரமே சேருங்க. நானும் உங்கள மாதிரி யோசிச்சுக்கிட்டே இருந்து ரெண்டாவது செமஸ்டர்ல தான் சேர்ந்தேன், அந்த நாலு மாசம் வீணா போனது இன்னிக்கும் எனக்கு வருத்தம் தான்.

ஏன்னா இந்தப் படிப்புக்கு முக்கியமா வேண்டியது நிலத்தைப் பாக்கத் தெரியுற கண்ணு. அது கிளாஸ்ல உக்காந்தா வராது, தனியா சுத்தினாலும் வராது, தெரிஞ்சவங்க பக்கத்துல குனிஞ்சு உக்காந்து இதப் பாரு அதப் பாருன்னு காட்டணும்.

நான் சேர்ந்த புதுசுல வசந்த காலத்துல சேஜ்பிரஷ்ங்கற புதர்ச்செடி நிறைஞ்ச ஒரு சரிவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, பச்சைப் பசேல்னு இருந்துச்சு, ரொம்ப நல்ல மேய்ச்சல் நிலம்னு நான் சொல்லிட்டேன். கூட வந்த சீனியர் அக்கா ஒண்ணும் பேசல, ஒரு பிடி புடுங்கிப் பாருன்னாங்க, புடுங்கினேன், வேரோட அப்படியே கையோட வந்துடுச்சு. அடுத்து ரெண்டடி தள்ளி கொத்தா நின்ன இன்னொரு புல்லைக் காட்டி இதப் புடுங்குன்னாங்க, அது அசையவே இல்ல. முதல்ல வந்தது சீட்கிராஸ், வெளியிலேர்ந்து வந்த ஒரு வருஷப் புல்லு. ரெண்டாவது ப்ளூபன்ச் வீட்கிராஸ், அந்த மண்ணோட சொந்தப் புல்லு, பல வருஷம் வாழுறது. சீட்கிராஸ் இலையுதிர் காலத்துலயே முளைச்சு, வசந்தத்துல மண்ணுல இருக்குற ஈரத்தை மத்தது எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே குடிச்சுட்டு, கோடை ஆரம்பிக்கும்போதே காஞ்சு போயிடும், அப்புறம் ஒரு தீப்பொறி போதும். அங்க இருந்த சேஜ்பிரஷ் வகை எரிஞ்சா அடிவேர்லேர்ந்து மறுபடி துளிர்க்காது, விதையிலேர்ந்து தான் வரணும், அது வர்றதுக்குள்ள சீட்கிராஸ் இன்னும் நெருக்கமா வளர்ந்து அடுத்த தீக்குத் தயாரா நிக்கும். இதே விஷயம் பாடப் புத்தகத்துலயும் இருந்துச்சு, படிச்சு மார்க்கும் வாங்கியிருந்தேன், ஆனா நிலத்துல நின்னப்ப எனக்குத் தெரிஞ்சது பச்சை மட்டும் தான்.

அடுத்தது செடி அடையாளம் காணுற போட்டி. சொசைட்டி ஃபார் ரேஞ்ச் மேனேஜ்மென்ட்னு 1948ல ஆரம்பிச்ச அமைப்பு, அவங்க வருஷாந்திர மாநாட்டுல மாணவர்களுக்கு நடத்துறது, அமெரிக்கா மட்டும் இல்லாம கனடா மெக்சிகோ டீம்களும் வருவாங்க. 200 செடி கொண்ட ஒரு லிஸ்ட் இருக்கு, அதுலேர்ந்து காஞ்ச மாதிரியை முன்னால வெச்சா குடும்பம், அறிவியல் பேரு, ஒரு வருஷமா பல வருஷமா, சொந்தச் செடியா வந்தேறியான்னு எழுதணும், ஸ்பெல்லிங்கும் சரியா இருக்கணும். பூ இல்லாத புல்லை எப்படிக் கண்டுபிடிப்பீங்க? இலையும் தண்டும் சேருற இடத்துல லிக்யூல்னு ஒரு சின்ன சவ்வு இருக்கும், சிலதுல அது வெறும் மயிர் வரிசையா இருக்கும், லென்ஸ் வெச்சு அதைப் பாத்தே பாதி வேலை முடிஞ்சிடும். நீடில் அண்ட் த்ரெட்னு ஒரு புல்லு, விதையோட நீளமா ஒரு வால், ஈரம் பட்டா ஒரு பக்கமும் காஞ்சா மறுபக்கமும் முறுக்கிக்கிட்டு விதையைத் தானா மண்ணுக்குள்ள துளைச்சு இறக்கும். மேஜை மேல ஒரு சொட்டு தண்ணி விட்டு அது திரும்புறதைப் பாத்த அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, அவ்வளவு சந்தோஷம். இந்தப் போட்டிக்கு நீங்க போகாட்டியும் பரவால்ல, சாயங்காலப் பயிற்சிக்கு மட்டுமாவது போங்க.

அப்புறம் புல்லு வெட்டி எடை போடுறது. கால் சதுர மீட்டர் சட்டத்தைத் தரையில வெச்சு உள்ள இருக்குற புல்லை ஒட்ட வெட்டி, ஓவன்ல காய வெச்சு, கிராம்ல வர்ற எடையை 40ஆல பெருக்குனா ஹெக்டேருக்கு எத்தனை கிலோன்னு வந்துடும். 25 கிராம்னா 1000 கிலோ. அதுல கால் பங்கு தான் மாட்டோட வாய்க்குப் போகும்னு வெப்பாங்க, பாதி நிலத்துக்கு விடணும், மிச்சக் கால் பங்கு மிதிபட்டும் பூச்சி தின்னும் போயிடும். 450 கிலோ மாடு நாளைக்குச் சுமார் 12 கிலோ காஞ்ச தீவனம் தின்னும், அப்போ அந்த ஹெக்டேர் ஒரு மாட்டுக்கு 20 நாள் தான். இடத்துக்கு இடம் மாறுறதால ஒரு சட்டம் மட்டும் வெட்டுனா ஏமாந்துடுவோம், நிறைய வெட்டணும், முதுகு வலிக்கும், ஆனா அந்த 1000ங்கற நம்பர் என்னன்னு கைக்குத் தெரியும்.

மாடு தெரியாதுங்கற பயம் வேண்டவே வேண்டாம். எங்க கிளப்புல பாதிப் பேரு பண்ணையில பொறந்து வளர்ந்தவங்க, மாட்டோட இடது பக்கம் இடுப்பெலும்புக்கு முன்னால இருக்குற குழியைப் பாத்தே இது இன்னிக்கு சரியா மேயலன்னு சொல்லிடுவாங்க. எத்தனை சாம்பிள் எடுத்தா போதும்ங்கற கணக்கு எனக்கு வரும், அதை நான் அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். ஒரு சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து வேலியோட அடிக்கம்பியை மாத்தினோம், முள்ளுக்கம்பியை எடுத்துட்டு வழவழ கம்பியை 40 சென்டிமீட்டர் உயரத்துல கட்டினோம். ப்ராங்ஹார்ன்னு மான் மாதிரி ஒரு காட்டு விலங்கு, நல்லா ஓடும் ஆனா வேலியைத் தாண்டறது அபூர்வம், குனிஞ்சு அடியில தான் போகும், முள்ளு முதுகுத் தோலைக் கிழிச்சுடும். பழைய கம்பியில முடி சிக்கியிருந்துச்சு, அதைப் பாத்ததும் யாரும் கொஞ்ச நேரம் பேசல.

குறையும் சொல்லணும். நான் இருந்த ஒரு வருஷம் பொறுப்புல இருந்தவங்க போட்டி டீமை மட்டும் கவனிச்சாங்க, மத்தவங்களை பணம் திரட்டுற வேலைக்கு மட்டும் கூப்பிட்டாங்க, நல்லா ஆர்வமா வந்த ரெண்டு மூணு பேரு அதனாலேயே விட்டுட்டுப் போனாங்க. அது தப்பு, அப்போவே நான் எழுந்து சொல்லியிருக்கணும். வேலை விஷயம் கேப்பீங்க, மத்திய அரசு ரேஞ்ச் வேலைக்குப் பொதுவா அமெரிக்கக் குடியுரிமை வேணும், அதனால அதை நம்பிச் சேராதீங்க. ஆராய்ச்சிக்குப் போறவங்களுக்கு மாநாட்டுல கிடைக்கிற பழக்கம் ரொம்ப உதவும், எனக்கு உதவுச்சு.

10 மடங்கு பெருசாக் காட்டுற சின்ன லென்ஸ் ஒண்ணு வாங்கி கழுத்துல கயிறு கட்டி மாட்டிக்கோங்க, கணுக்கால் மூடுற பூட்ஸ் வேணும். முதல் மீட்டிங்ல அடுத்த ஃபீல்டு நாள் எப்போன்னு கேட்டு பேரைக் குடுத்துட்டு வாங்க.