‘பூங்கா’ என்று குறித்த நிலத்தை நகராட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டுமா?

கேள்வி: மேற்கு மாவட்ட நகராட்சி ஒன்றின் எல்லைக்குள் எங்களுக்கு 22 சென்ட் காலி இடம். அப்பா 1987-ல் கிரயம் வாங்கியது. பட்டா எங்கள் பெயரில், வில்லங்கம் எதுவும் இல்லை, வரி கட்டி வருகிறோம். வீடு கட்டத் திட்ட அனுமதி கேட்டால், ‘1994-ம் ஆண்டு முழுமைத் திட்டத்தில் இந்தப் புல எண் பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது’ என்று மறுத்துவிட்டார்கள். பாதி இடத்தை நகராட்சிக்குத் தானமாக எழுதினால் மீதிக்கு அனுமதி வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் ‘பவர் எழுதிக் கொடுங்கள், விடுவிப்பு ஆணை வாங்கித் தருகிறேன், 6 லட்சம் செலவாகும்’ என்கிறார். என்ன செய்வது?

பதில்: இரண்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் நிலம் உங்களுடையதுதான். வரைபடத்தில் பச்சை அடித்ததால் அது நகராட்சிக்குப் போய்விடவில்லை.

ஒதுக்கீடு என்பது ‘இந்த இடத்தைப் பூங்காவுக்கு எடுக்க எண்ணியிருக்கிறோம்’ என்ற அறிவிப்பு மட்டுமே. அந்த இடம் நகராட்சியின் சொத்தாக வேண்டுமானால் மூன்று வழிகள்தான்: பேசி விலை கொடுத்து வாங்குவது, சட்டப்படி இழப்பீடு கொடுத்துக் கையகப்படுத்துவது, நீங்களாகத் தானமாக எழுதித் தருவது. முதல் இரண்டுக்கும் பணம் வேண்டும். மூன்றாவதற்கு ஒரு பைசா வேண்டாம். வாசலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் மூன்றாவதையே ஏன் பேசுகிறார்கள் என்பது இதிலேயே விளங்கும். தானப்பத்திரம் பதிவாகிவிட்டால் இழப்பீடு கேட்கும் உரிமையும் அதோடு போய்விடும். மீதிப் பாதிக்கு அனுமதி தருவதாக யாரும் எழுத்தில் தரமாட்டார்கள். வாய்வார்த்தைக்கு 11 சென்ட் மிக அதிகம்.

இனி சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் 38-வது பிரிவு உங்களுக்காகவே எழுதியது போன்றது. முழுமைத் திட்டமோ (ஊர் முழுவதற்குமான மாஸ்டர் பிளான்), ஒரு பகுதிக்கான விரிவு அபிவிருத்தித் திட்டமோ தயாரித்து, 26 அல்லது 27-வது பிரிவின் கீழ் அரசிதழில் அறிவிப்பு வெளியிட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் கணக்கு. அதற்குள் 37(2)-வது பிரிவின்படி ‘இந்த நிலம் பொதுக் காரியத்துக்குத் தேவை’ என்ற விளம்புகை வந்திருக்க வேண்டும், அல்லது பேசி விலைக்கு வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லையென்றால் அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே கொள்ள வேண்டும்.

மூன்று ஆண்டு எந்த நாளில் தொடங்குகிறது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். ஆட்சேபனை கேட்டு வரைவை வெளியிட்டார்களே, அந்த அறிவிப்பு நாளே கணக்கு. அரசு இறுதி ஒப்புதல் தந்த நாள் அல்ல. உங்கள் திட்டம் 1994-ல் இறுதியானது என்றால் வரைவு அறிவிப்பு அதற்கும் முந்தியது. அதற்குள் விளம்புகையும் வரவில்லை, விலைக்கும் வாங்கவில்லை என்றால், எப்படிப் பார்த்தாலும் 1997-ஐத் தாண்டி அந்த ஒதுக்கீட்டுக்கு உயிர் இல்லை. ‘10 ஆண்டு காத்திருந்து, எடுத்துக்கொள் என்று நோட்டீஸ் கொடுத்தால்தான் விடுதலை’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது மராட்டியச் சட்டம். இங்கே நோட்டீஸ் தேவையில்லை.

அப்படியானால் ‘விடுவிப்பு ஆணை’ என்று விலை பேசுகிறார்களே, அது என்ன? அப்படி ஒரு ஆணை போட வேண்டும் என்று 38-வது பிரிவில் இல்லை. விடுதலை சட்டத்தாலேயே நடந்துவிடுகிறது. கோளாறும் அங்கேதான். கெடு முடிந்ததும் வரைபடத்தைத் திருத்து என்று எந்த அலுவலரையும் அந்தப் பிரிவு கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே முப்பது ஆண்டாக அதே பச்சை, அதே மறுப்புக் கடிதம். உரிமையாளர் உயர் நீதிமன்றம் போய், ‘38-வது பிரிவைக் கருதிப் பார்த்து முடிவெடு’ என்று உத்தரவு வாங்கி வந்தால்தான் கோப்பு நகர்கிறது. பூங்கா கட்டப் பணமில்லை, எடுக்கவும் திட்டமில்லை, விடவும் மனமில்லை. இந்த நிலைமைக்கு ஒரு தலைமுறை வீடு கட்டாமல் உட்கார்ந்திருப்பது பெரிய அநியாயம். இந்த இடைவெளியில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, காகிதங்களை நீங்களே சேர்ப்பது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ஒரே மனுவை மூன்று இடத்துக்கு அனுப்புங்கள்: உள்ளூர் திட்டக் குழும (முழுமைத் திட்டத்தைத் தயாரிக்கும் அமைப்பு) அலுவலகம், நகராட்சி ஆணையர் அலுவலகம், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் நில எடுப்புப் பிரிவு. ஓரிடத்துக்கு மட்டும் அனுப்பினால் ‘கோப்பு எங்களிடம் இல்லை’ என்று ஒரு மாதம் ஓடிவிடும். பொருத்தமான அலுவலகத்துக்கு 5 நாளில் மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

மனுவில் கருத்துக் கேட்காதீர்கள். ‘நான் வீடு கட்டலாமா?’ என்று கேட்டால் ‘இது தகவல் அல்ல’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணம் கேளுங்கள். இந்தப் புல எண், உட்பிரிவு எண் எந்தத் திட்டத்தில் எதற்காக ஒதுக்கப்பட்டது. 26 அல்லது 27-வது பிரிவின் கீழ் அறிவிப்பு வந்த அரசிதழின் எண், தேதி, அந்தப் பக்கத்தின் நகல். 37(2)-ன் கீழ் விளம்புகை வந்திருந்தால் அதன் நகல். நிலம் விலைக்கு வாங்கப்பட்டிருந்தால் பத்திர எண், தேதி. உங்கள் புல எண் அடங்கிய நிலப் பயன்பாட்டு வரைபடப் பகுதியின் சான்றிட்ட நகல். இவ்வளவு போதும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ‘விளம்புகை எதுவும் வெளியிடப்படவில்லை’ என்ற ஒற்றை வரி பதிலில் வந்துவிட்டால் உங்கள் வழக்கின் முதுகெலும்பு கையில் கிடைத்த மாதிரி. ‘ஆவணம் கிடைக்கவில்லை’ என்று வந்தாலும் பத்திரமாக வையுங்கள், அதுவும் உதவும். பழைய அரசிதழைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தேடலாம்.

பிறகு திட்டக் குழுமத்துக்கு ஒரே மனு, இரண்டு கோரிக்கை: 38-வது பிரிவின்படி ஒதுக்கீடு விடுபட்டதைப் பதிவு செய்யுங்கள், நிலப் பயன்பாட்டைக் குடியிருப்பு என்று மாற்றுங்கள். இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். ‘ஒதுக்கீடுதான் போனது, குடியிருப்பாகத் தானே மாறிவிடவில்லை’ என்று திருப்பி அனுப்புவது வழக்கம். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைக் கோப்பில் சேருங்கள். இரண்டு மாதம் பார்த்தும் பதில் இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனு. தகவல் உரிமை பதில்கள் கையில் இருந்தால் வழக்கறிஞருக்கு வேலை பாதிதான். இதற்கிடையில் உங்களுக்கு வந்த மறுப்புக் கடிதத்தின் தேதியையும் பாருங்கள். அதன் மீது மேல்முறையீடு செய்யக் கெடு உண்டு, அதை நழுவவிட வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்றைக் கட்டாயம் உறுதி செய்துகொள்ள வேண்டும். இதை விரிவாகவே சொல்கிறேன். இங்கே தவறினால் மேலே சொன்ன எதுவும் உதவாது.

அரசு திட்டத்தில் குறித்த பூங்கா வேறு, மனைப்பிரிவுக்குள் இருக்கும் பூங்கா வேறு. ஒருவர் தன் நிலத்தை மனைகளாகப் பிரிக்க அனுமதி கேட்கும்போது, அவரே வரைபடத்தில் பூங்காவைக் காட்டி, அதை நம்பி மற்ற மனைகளை விற்கிறார். அந்தப் பூங்கா மனை வாங்கிய எல்லாருக்கும் உரியது. அதற்கு 38-வது பிரிவு பொருந்தாது, மூன்று ஆண்டு ஆனாலும் முப்பது ஆண்டு ஆனாலும் சரி. இன்றைய விதிகளில் 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக 10 சதவீதம் திறந்தவெளியாக விட வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதை உள்ளாட்சிக்குத் தானமாகவே தர வேண்டும். இழப்பீடு கிடையாது. இத்தகைய விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் சொல்லிவிட்டது.

பழைய மனைப்பிரிவுகளில் சிக்கல் இப்படி வரும். பூங்காவை வரைபடத்தில் காட்டியிருப்பார்கள், தானப்பத்திரம் மட்டும் எழுதியிருக்கமாட்டார்கள். பட்டா மனைப்பிரிவு போட்டவர் பெயரிலேயே நிற்கும். அவருடைய வாரிசுகள் அந்தப் பட்டாவைக் காட்டி, பூங்காவை இரண்டு மூன்று மனையாக விற்றுவிடுவார்கள். வில்லங்கச் சான்றில் ஒன்றும் தெரியாது. சார்பதிவாளரும் பதிவு செய்துவிடுவார். ‘பதிவு ஆகியிருக்கிறதே’ என்பது எந்தப் பாதுகாப்பும் அல்ல. அப்படி வாங்கியவருக்கு நகராட்சியிடம் கேட்க ஒன்றுமில்லை. விற்றவர் மீதுதான் வழக்குப் போட முடியும்.

உங்களுடையது எந்த வகை? அப்பாவின் கிரயப் பத்திரத்தில் சொத்து விவரத்தைப் பாருங்கள். ஏக்கர், சென்ட், புல எண், நான்கு எல்லை என்று இருந்தால் அது பெரும்பாலும் பிரிக்காத நிலம், மேலே சொன்ன வழி திறந்திருக்கிறது. ‘மனை எண்’ என்றோ, மனைப்பிரிவு அனுமதி எண் என்றோ, எல்லையில் ‘மனைப்பிரிவுச் சாலைக்கு மேற்கு’ என்றோ இருந்தால் நிறுத்துங்கள். அந்த மனைப்பிரிவின் அனுமதி பெற்ற வரைபடத்தை நகர் ஊரமைப்பு அலுவலகத்திலிருந்து நகல் வாங்கி, உங்கள் இடம் பூங்காவின் மேல் விழுகிறதா என்று உரிமம் பெற்ற நில அளவரை வைத்துப் பொருத்திப் பாருங்கள். தாய்ப்பத்திரத்தையும் எடுங்கள். அப்பாவுக்கு விற்றவர் அதே புல எண்ணில் 1987-க்கு முன் வேறு பலருக்கும் சிறு சிறு மனைகளாக விற்றிருந்தால் அது மனைப்பிரிவின் அடையாளம். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று பொதுவாக 1975-லிருந்து. அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்க வேண்டும்.

தரகர்கள் பற்றி. பொது அதிகாரப் பத்திரம், அதாவது பவர், எழுதித் தந்தால் அவர் உங்கள் நிலத்தை விற்கலாம், தானமும் எழுதலாம். அந்த வாசகம் உள்ளே எங்கோ பதின்மூன்றாவது பத்தியில் இருக்கும். அலுவலகத்தில் மனு கொடுக்க உங்கள் கையெழுத்து போதும். வழக்கு நடத்த வழக்கறிஞருக்கு வக்காலத்து போதும். பவர் தேவைப்படும் வேலை இதில் ஒன்றுமே இல்லை. 6 லட்சம் வாங்குகிறவர் செய்யப்போவதும் இதே 10 ரூபாய் மனுதான். ‘பூங்கா நிலம், எப்படியும் போய்விடும்’ என்று பயம் காட்டிக் குறைந்த விலைக்குக் கிரயம் கேட்டும் ஆள் வருவார்கள். 38-வது பிரிவு உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நகராட்சி வேலி போட்டுப் பலகை நட்டால் உடனே தேதி தெரியும்படி படம் எடுத்து, எழுத்தில் ஆட்சேபியுங்கள். பூங்காவுக்காகவே என்றாலும் முறைப்படி எடுக்காமல் தனியார் நிலத்தை வைத்துக்கொள்ள முடியாது. கொல்கத்தா மாநகராட்சி நாரிகேல்டாங்காவில் இப்படித் தனியார் சொத்தைப் பூங்காவுக்கு எடுத்ததாகச் சொன்ன வழக்கில், 2024 மே 16-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து, மாநகராட்சிக்கு 5 லட்சம் ரூபாய் வழக்குச் செலவும் விதித்தது. அரசியல் சட்டத்தின் 300-ஏ பிரிவு முன்னறிவிப்பு, விசாரணை, காரணம் சொல்லும் உத்தரவு, பொதுக் காரியம், நியாயமான இழப்பீடு உட்பட ஏழு உரிமைகளைத் தருகிறது என்று அந்தத் தீர்ப்பு விரித்துச் சொல்கிறது. உங்கள் மனுவில் அதைக் குறிப்பிடலாம்.

நகராட்சிக்கு உண்மையிலேயே பூங்கா வேண்டுமென்றால் இன்றும் புதிதாகக் கையகப்படுத்தலாம். அப்போது 2013-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி விலை தர வேண்டும். 22 சென்ட் என்பது சுமார் 9,583 சதுர அடி. சதுர அடி 1,000 ரூபாய் என்று வைத்தால் சந்தை மதிப்பு 95.83 லட்சம். கட்டாயமாக எடுப்பதற்காகச் சட்டம் கூடுதலாகத் தரச் சொல்லும் ஆறுதல் தொகை அதே அளவு சேர்ந்தால் 1 கோடியே 91 லட்சத்தைத் தாண்டும். சமூகத் தாக்க மதிப்பீட்டு அறிவிப்பிலிருந்து, தீர்வாணை (இழப்பீட்டை முடிவு செய்யும் ஆணை) அல்லது நிலத்தைச் சுவாதீனம் எடுப்பது, எது முந்தியதோ அதுவரை சந்தை மதிப்பின் மீது ஆண்டுக்கு 12 சதவீதமும் உண்டு. கிணறு, மரம் தனி. பாதியைச் சும்மா எழுதித் தரச் சொன்னவர் எவ்வளவு கேட்கிறார் என்று இதை வைத்துப் பாருங்கள்.

சந்தை மதிப்பு, வழிகாட்டி மதிப்பையும் அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டில் பதிவான கிரயங்களில் விலை கூடிய பாதியின் சராசரியையும் ஒப்பிட்டு, கூடுதலாக உள்ளதை வைத்து வரும். சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் வழிகாட்டி மதிப்புக்கே பதிவு செய்திருப்பதால் சராசரி தாழ்ந்துவிடும். வங்கிக் கடனில் வாங்கியவர்களின் பத்திரங்களில் உண்மை விலை இருக்க வாய்ப்பு அதிகம், அவற்றின் நகலை இப்போதே எடுத்து வையுங்கள். கையகப்படுத்துவதற்கான முதல்நிலை அறிவிப்பு வந்தால் 60 நாளுக்குள் ஆட்சேபனை தர வேண்டும். தொகை தரும்போது ரசீதில் ‘ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று உங்கள் கையால் எழுதுங்கள். எழுதாமல் வாங்கினால் கூடுதல் கேட்கும் உரிமை போய்விடும். தீர்வாணை சொல்லும்போது நீங்கள் அங்கே இருந்தால், கூடுதல் கேட்க ஆறு வாரம்தான். இழப்பீட்டை உயர்த்தித் தருவதாகச் சதவீதம் பேசி வருகிறவர்களின் தாள்களிலும் கையெழுத்து வேண்டாம். பணத்துக்குப் பதில் வளர்ச்சி உரிமைச் சான்றிதழ் (வேறு இடத்தில் கூடுதல் பரப்பு கட்டும் உரிமை, விற்கவும் செய்யலாம்) தருகிறோம் என்றால், அதை வாங்க ஒரு கட்டுநர் கிடைத்தால்தான் அது காசாகும் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று அவசரம். பல ஊர்களில் முழுமைத் திட்டத்தைத் திருத்தி எழுதும் வேலை நடக்கிறது. பழைய வரைபடத்தின் பச்சையைப் புதிய வரைவிலும் அப்படியே ஏற்றிவிட்டால், மீண்டும் மூன்று ஆண்டு தொடங்கிவிட்டதாக அலுவலகம் வாதிடும். உங்கள் ஊரின் வரைவு வந்துவிட்டதா என்று நாளையே திட்டக் குழுமத்தில் விசாரியுங்கள். வந்திருந்தால் அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள், புல எண், பத்திர நகல், பட்டா, மறுப்புக் கடிதம், தகவல் உரிமை பதில் இவற்றை இணைத்து ஆட்சேபனை கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். தகவல் உரிமை பதில் இன்னும் வரவில்லையென்றால் அதற்காகக் காத்திருக்காமல், அனுப்பிய மனுவின் நகலை இணைத்துக் கொடுத்துவிடுங்கள்.