செமினாரில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, என்ன செய்வது?

கேள்வி: அக்கா, எனக்கு நெல்லிக்குப்பம். கடலூரில் எம்.எஸ்சி. தாவரவியல் முதல் வருடம் படிக்கிறேன். வீட்டிலும் பஸ்ஸிலும் வாய் ஓயாமல் பேசுவேன். போன மாதம் பிச்சாவரம் அலையாத்திக் காடு பற்றி ஆங்கிலத்தில் செமினார் கொடுக்க வேண்டியிருந்தது. ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்தும் மூன்றாவது ஸ்லைடில் ஒரு வரி மறந்துபோய் அப்படியே நின்றுவிட்டேன். பின் பெஞ்சில் சிரித்தார்கள். மார்ச்சில் அடுத்த செமினார். பேச்சுப் பயிற்சி வகுப்பில் 12,000 ரூபாய் கேட்கிறார்கள், அப்பா கட்டுகிறேன் என்கிறார். சேரட்டுமா? சில்வர் பீச்சுக்குப் போய் அலையைப் பார்த்துக் கத்திப் பேசினால் பயம் போய்விடும் என்கிறாள் தோழி. நிஜமா?

பதில்: அந்தப் பணம் இப்போதைக்கு அப்பாவிடமே இருக்கட்டும்மா.

உன் கடிதத்தில் என் கண்ணில் பட்டது ‘ராத்திரி முழுக்க மனப்பாடம்’ என்கிற இடம்தான். பயத்தால் நீ நிற்கவில்லை, ஒரு வரி மறந்ததால் நின்றாய், அப்புறம்தான் பயம் வந்தது. வரி வரியாக உருப்போட்டால் ஒவ்வொரு வரியும் அதற்கு முந்தின வரியைப் பிடித்துக்கொண்டுதான் வரும், நடுவில் ஒன்று அறுந்தால் அடுத்தது எங்கே என்று தெரியாது. அலையாத்தியைப் பற்றி உனக்குத் தெரியாததா? தெரிந்ததை விட்டுவிட்டு எழுதி வைத்த வாக்கியத்தைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறாய், அவ்வளவுதான். மார்ச்சில் முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய். நடுவில் சொல்ல வேண்டியதை ஐந்தாறு குறிப்பாக ஒரு அட்டையில் எழுதிக் கையில் வைத்துக்கொள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இன்னொன்று, தொடங்கும் இடம். அலையாத்தி என்பது உவர்நீரில் வளரும் தாவரம் என்று நீ விளக்கம் படித்திருப்பாய், எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள், முதல் நிமிடத்திலேயே பின் பெஞ்ச் போனை எடுத்துவிடும். உன் வகுப்பில் பாதிப் பேராவது பிச்சாவரத்தில் படகில் போயிருப்பார்கள். அங்கே நிற்கும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் இலையை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா என்று கேள். உப்புக் கரிக்கும், ஏனென்றால் வேர் உறிஞ்சிய உப்பை அந்த மரம் இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுகிறது. பக்கத்திலேயே நிற்கும் இன்னொரு அலையாத்தி மரமான சுரபுன்னை வேறு கட்சி, பெரும்பாலான உப்பை வேரிலேயே வடிகட்டி நிறுத்திவிடும். ஒரே சேறு, ஒரே தண்ணீர், ஏன் இப்படி இரண்டு வழி? இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டால் அடுத்த பத்து நிமிடம் பதில் சொல்வதுதான் உன் வேலை, அதற்கு மனப்பாடம் எதற்கு?

முதலில் இதைத் தமிழில், அம்மாவிடமோ தம்பியிடமோ, அவர்கள் குறுக்கே கேள்வி கேட்கிற மாதிரி சொல்லிப் பார். தமிழில் தடுக்குகிற இடம் என்றால் அது உனக்கே புரியாத இடம், ஆங்கிலத்தின் மேல் பழியைப் போடாதே. அங்கே பாடத்தைத் திரும்பப் படி. அப்புறம் அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாகச் சொல்லு.

கை நடுக்கம், வாய் உலர்வது எல்லாம் பதற்றத்தில் உடம்பில் சுரக்கும் அட்ரினலின் வேலை, பத்து வருடம் பேசினவர்களுக்கும் இருக்கும். ஆனால் அது நீ நினைக்கிற அளவுக்கு வெளியே தெரிவதில்லை. கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2003இல் இதைக் கல்லூரி மாணவர்களிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பதற்றம் கேட்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே பேசினார்களாம். அதனால்தான் உனக்கும் சொல்லி வைக்கிறேன். சிரித்தவர்களை விடு, அவர்கள் செமினாரும் வரும்.

சில்வர் பீச் விஷயம். கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் வாயில் கூழாங்கல் போட்டுப் பழகினார், அலையோசைக்கு எதிரே பேசினார் என்று பழைய கதை உண்டு. மைக் இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் பேச வேண்டியவருக்குக் குரல் வளம்தான் பிரச்சினை. உன் வகுப்பில் முப்பது பேர் இருப்பார்களா? சில்வர் பீச் இருக்கும் தேவனாம்பட்டினம் போனால் காற்று வாங்கிவிட்டு வா, கத்த வேண்டாம்.

அதைவிட உன் மாவட்டத்துக் கதையே உதவும். 1823இல் மருதூரில் பிறந்த வள்ளலார் சிறுவயதில் சென்னையில் அண்ணன் சபாபதி வீட்டில் வளர்ந்தார். அண்ணன் புராணச் சொற்பொழிவாளர். ஒருநாள் அவருக்கு உடம்பு முடியாமல் போக, நீ போய் நாலு பாட்டுப் பாடி ஒப்பேற்றிவிட்டு வா என்று தம்பியை அனுப்பினாராம், போன இடத்தில் தம்பி பெரிய சொற்பொழிவே செய்துவிட்டார் என்பார்கள். இதைத் தெய்வ அருள் என்று சொல்பவர்கள் சொல்லட்டும், நான் கவனிப்பது அவரிடம் கொடுத்து அனுப்பிய வேலை எவ்வளவு சின்னது என்பதைத்தான். நீயும் துறையில் நடக்கும் கூட்டங்களில் வரவேற்புரையோ நன்றியுரையோ கேட்டு வாங்கு, இரண்டு நிமிட வேலை, யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள். வெளியாள் வந்து பேசினால் எழுந்து ஒரு கேள்வி கேள். பி.எஸ்சி. பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முன்னால் ஒரு பாடம் சொல்லிக் கொடு. பிரிட்டிஷ் சாம்ராஜ்யமே மெச்சிய பேச்சாளர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, பிற்பாடு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக இருந்தவர், ஆரம்பத்தில் பள்ளிக்கூட வாத்தியார்தான்.

வகுப்பு வேண்டுமென்றால் நீங்களே நடத்தலாம். டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்று 1924இல் அமெரிக்காவில் தொடங்கிய பேச்சு மன்றம் இன்றும் செய்வது இதைத்தான்: திடீரென்று ஒரு தலைப்புக் கொடுப்பார்கள், ஒன்றிரண்டு நிமிடம் பேச வேண்டும், ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் ‘ஆ’, ‘ம்’ என்று எத்தனை முறை இழுத்தாய் என எண்ணுவார், ஒருவர் கடைசியில் குறை நிறை சொல்வார். நாலு தோழிகளும் சாப்பாட்டு இடைவேளையும் போதும், செலவு டீக்காசு. ஒரு மாதம் இப்படிப் பேசிப் பார்த்தும் சரிவரவில்லை என்றால் அப்போது அந்த வகுப்பைப் பற்றி யோசிக்கலாம், அதுவும் ஒவ்வொரு வகுப்பிலும் உன்னைப் பேச வைப்பார்களா என்று கேட்டுவிட்டு. அவர்கள் பேச நீ நோட்ஸ் எடுப்பதென்றால் வேண்டாம்.

அப்புறம், செமினார் முடிந்து சார் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால் சுற்றி வளைக்காதே. பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் சார் என்று சொல், மறுநாள் மறக்காமல் போய்ச் சொல்லு.