ஐப்பசி பிறந்தாச்சு, கீசரைப் போடலாமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீடு. 15 லிட்டர் கீசரைப் பிப்ரவரியில் அணைத்தது, இன்னும் தொடவில்லை. நாலு நாளாக வெயிலே இல்லை. 76 வயதான என் அம்மா காலையில் குளித்துவிட்டு நடுங்குகிறார். "கார்த்திகை வரட்டும், இப்பவே போட்டால் கரண்ட் பில் எகிறிவிடும்" என்கிறார் கணவர். எப்போது போடுவது சரி? அம்மாவின் அறைக்கு ஒரு ரூம் ஹீட்டரும் வாங்கலாமா? - ஒரு வாசகி

அம்மாவுக்கு இப்போதே போடலாம். ஆனால் நாளைக் காலையே சுவிட்சைத் தட்டிவிடாதீர்கள். எட்டு மாதம் சும்மா கிடந்த கீசரை முதலில் பார்க்க வேண்டும். நீங்களும் கணவரும் இன்னும் சில வாரம் கீசர் இல்லாமலே ஓட்டலாம், அதற்கு ஒரு வழி இருக்கிறது.

நம் கடற்கரை ஊர்களில் மாதக் கணக்குப் பார்த்துக் கீசர் போடுவதில் அர்த்தமில்லை. கடலூரிலும் புதுச்சேரியிலும் ஜனவரி விடியற்காலையில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நம்மை நடுங்க வைப்பது மாடி டேங்க். சித்திரையில் கை வைக்க முடியாமல் சுடுகிற அதே தண்ணீர், நாலு நாள் மூட்டம் போட்டால் இரவெல்லாம் ஆறி, விடியும்போது 25 டிகிரிக்கு வந்து நிற்கும். நம் தோலின் சூடு ஏறக்குறைய 33 டிகிரி. அதனால்தான் முதல் செம்பு சுரீரென்கிறது.

போர்வெல் தண்ணீர் அப்படியில்லை. நிலத்தடி நீரின் சூடு அந்தந்த ஊரின் வருடச் சராசரியை ஒட்டியே இருக்கும். நம் பக்கம் அது 28, 29 டிகிரி. மார்கழியில் கிணற்றடியில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல, தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். உங்கள் வீட்டில் போர் இருந்தால், ராத்திரி படுக்கப் போகும் முன் டேங்கை நிரப்பும் பழக்கத்தை இந்த மூன்று மாதத்துக்கு விட்டுவிடுங்கள். காலையில் எழுந்ததும் மோட்டார் போட்டு அந்தப் புதுத் தண்ணீரில் குளியுங்கள். நடுவயதுக்காரர்களுக்கு அது போதும். முனிசிபல் தண்ணீர் மட்டும் வருகிற வீட்டுக்கு இது உதவாது.

அம்மா விஷயம் வேறு. வயதானால் குளிரில் உடம்பு தன் சூட்டைக் காத்துக்கொள்வது குறையும், ரத்த அழுத்தமும் சட்டென்று ஏறும். வாளித் தண்ணீரில் ஒரு தெர்மாமீட்டரைப் போட்டுப் பாருங்கள். மீன் தொட்டிக்கு விற்கிறார்களே, அது போதும் (ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது). எழுபது தாண்டியவர்களுக்கு 28 டிகிரிக்குக் கீழே போனால் சுடுதண்ணீர் கலந்து கொடுத்துவிடலாம் என்பது என் கணக்கு. குளியலைக் காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிக்குத் தள்ளினால் இன்னும் நல்லது. "குளிக்காமல் எப்படி விளக்கேற்றுவது" என்று அம்மா கேட்டால் அதற்கு என்னிடம் பதில் இல்லை!

இப்போது கீசருக்கு வருவோம். கீசர் உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் "காயில்" (coil) வெறும் கம்பி இல்லை. ஓர் உலோகக் குழாய்க்குள் கம்பி, கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே வெள்ளைப் பொடி. அது மக்னீசியம் ஆக்சைடு, மின்சாரம் வெளியே கசியாமல் காக்கிற பொருள். ஓரத்தில் அடைப்பு சற்று விட்டிருந்தால் அந்தப் பொடி காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் சூடேறாமல், அதுவும் நம் ஊர்க் கடல் காற்றில் கிடந்தால், கசிவு கூடிவிடும். சுவிட்சைப் போட்டதும் ஆர்.சி.சி.பி (மின்கசிவு வந்தால் கரண்டைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உடனே "ஆர்.சி.சி.பி ஓவர் சென்சிடிவ் சார், அதைத் தாண்டி ஒரு லைன் கொடுத்துடறேன்" என்று சொல்லும் எலெக்ட்ரீசியன்கள் உண்டு. அப்படிச் சொல்கிறவரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை நிறுத்துவதற்குத்தான் அது மாட்டியிருக்கிறது. மெகர் (மின்காப்பு சரியாக இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்துக் காயிலைச் சோதிப்பவரைக் கூப்பிடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் அவரே பார்க்கட்டும்.

அவர் வரும்போது பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். கடலோர வீடுகளில் பித்தளைப் பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும், சில சமயம் பின்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாக உருகியும் இருக்கும். 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட்டில் கெட்டியாக உட்கார வேண்டும். கன்வர்ட்டர் போட்டுச் சின்ன சாக்கெட்டில் சொருகுவது கூடவே கூடாது. பழுப்பேறியிருந்தால் பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றிவிடுங்கள், செலவு பெரிதில்லை.

கடலூர்த் தண்ணீரில் உப்பு அதிகமுள்ள தெருவாக இருந்தால், காயில் மேல் வெள்ளை ஓடு படிந்திருக்கும். "முன்னே மாதிரி சூடு வரலை, டொக் டொக்னு சத்தம் வருது" என்றால் அதுதான். கழற்றிச் சுத்தம் செய்யும்போது ஆனோடு ராடையும் பார்க்கச் சொல்லுங்கள். கீசரின் உள் டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்துபோகிற மக்னீசியக் கம்பி அது. பென்சில் போல மெலிந்திருந்தால் மாற்ற வேண்டும். கீழே உள்ள பாதுகாப்பு வால்வில் சூடாகும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவது இயல்புதான், சூடேறிய தண்ணீர் விரிகிறது. அதை டேப் சுற்றி அடைத்துவிடாதீர்கள்.

இதெல்லாம் ஆன பிறகு, சுவிட்ச் போடும் முன் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து இரண்டு வாளி பிடித்துக் கொட்டுங்கள். மாதக்கணக்கில் தேங்கிய தண்ணீர் போய்விடும், கீசர் டேங்க் காலியாக இல்லை என்பதும் உறுதியாகும். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வைத்து, விளக்கு தானாக அணையும்வரை விடுங்கள். பில்லை மிச்சம் பிடிக்க 40-இல் வைப்பார்கள் சிலர். அந்தச் சூட்டில் தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி நன்றாக வளரும், அது நுரையீரலைத் தாக்கும். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் நேராக உடம்பில் பட்டால் சில நொடிகளில் தோல் வெந்துவிடும். அதனால் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் சுடுதண்ணீர். கலந்து, கையை விட்டுப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிடுங்கள். அவர் குளிக்கும்போது சுவிட்ச் அணைந்திருக்கட்டும்.

பில்லுக்குப் பயந்த கணவரிடம் இதைக் காட்டுங்கள். 15 லிட்டரை 25-இலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 0.6 யூனிட் ஆகும், இருபது நிமிடம் எடுக்கும். அதோடு 20 லிட்டர் பச்சைத் தண்ணீர் கலந்தால் 40 டிகிரியில் 35 லிட்டர் கிடைக்கும், ஒருவருக்குத் தாராளம். தினம் ஒரு தடவை என்றால் மாதம் 18, 20 யூனிட். பில் எகிறுவது காலை முழுக்க அணைக்காமல் விடுகிற வீடுகளில்தான்.

ரூம் ஹீட்டர் வேண்டாம். மிதமான, குளிரான நாடுகளின் வீடுகளுக்கே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு 18 டிகிரி. உங்கள் அறை அதற்கு இறங்காது. அம்மாவைப் பாடாய்ப் படுத்துவது ஈரம். சாயங்காலக் குளிர்காற்றுக்கு முன் ஜன்னலைத் திறந்து காற்றாட விடுங்கள், துணியை அறைக்குள் காயப் போடாதீர்கள், பருத்திப் போர்வையை இஸ்திரி போட்டுக் கொடுங்கள், காலுக்கு சாக்ஸ். கதவைச் சாத்திக்கொண்டு கரி நெருப்போ சாம்பிராணிக் கனலோ வைக்கவே கூடாது. வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். குளியலறைக்குள் மாட்டும் கேஸ் கீசருக்கும் இதே ஆபத்து உண்டு.

புயல் அறிவிப்பு வந்தால் கீசரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழையில் எத்தனையோ குளியலறைச் சுவர்கள் ஊறிப்போயின. சுவிட்ச் போர்டு பதித்த சுவர் ஈரமாக இருக்கும்வரை, மழை நின்றுவிட்டாலும் போடக் கூடாது. அந்த நாட்களில் அம்மாவுக்கு அடுப்பில் வைத்த வெந்நீர்தான். குண்டானில் பாதி அளவுக்கு மட்டும் காய்ச்சுங்கள், தூக்கிக்கொண்டு போகும்போது சிந்தாது.