கேள்வி மேடை: ஊருக்கு உழைத்தவருக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: பென்ஷன் மனு, ரேஷன் கார்டு, குடிநீர்க் குழாய் என்று எல்லோருக்காகவும் அலைந்த எங்கள் ஊர் வாத்தியார் காலமாகிவிட்டார். கடைவீதி முக்கில் சிலை வைக்கப் பணம் சேர்க்கிறோம். அனுமதி யாரிடம் வாங்க வேண்டும்? (வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: முக்கில் என்றால் யாரும் தர முடியாது. சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடம் எதிலும் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டது. கேரளம், தமிழ்நாடு இரண்டுக்கும் இது பொருந்தும். "பீடத்தைக் கட்டுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று மெம்பரே சொன்னாலும் கேட்காதீர்கள். சாலையை அகலப்படுத்தும் நாளில் முதலில் இடிபடுவது அந்தப் பீடம்தான்.

வாயனசாலையின் (ஊர் நூலகத்தின்) வாசிப்பு அறைக்கு அவர் பெயரை வைக்கப் பாருங்கள். செலவும் குறைவு, தினமும் நாலு பேர் வந்து உட்காரும் இடம். பஞ்சாயத்துக் கட்டடம் என்றால் முதலில் கிராம சபையில் தீர்மானம், அதன்பின் பஞ்சாயத்து கமிட்டியின் முடிவு. கேரளத்தில் கிராம சபை வார்டுக்கு ஒன்று. அதைக் கூட்டுபவர் வார்டு மெம்பர். உங்கள் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகா போன்ற தமிழர் நிறைந்த பகுதிகளில் மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம், 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அந்த உரிமையைத் தந்திருக்கிறது. ஆனாலும் பின்னால் ஒரு மலையாளப் பிரதியைச் சேர்த்துக் குத்திவிடுங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்று மனு மேசையில் தூங்காது.

கேள்வி: சமுதாயக் கூடச் சுவரில் ஒரு பெரியவருக்குக் கல்வெட்டுப் பதிக்கப் போகிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? (வாசகர், கம்பம்)

பதில்: வெள்ளை மார்பிள் வேண்டாம். விளக்கு எண்ணெயும் மஞ்சளும் அதில் ஊறிக் கறையாகிவிடும். கறுப்பு கிரானைட் 20 மி.மீ. கனத்தில், 3 அடிக்கு 2 அடி எடுங்கள். எடை சுமார் 30 கிலோ வரும். கிரானைட் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது, எனவே வெறும் சிமெண்ட் பால் அதைக் கெட்டியாகப் பிடிக்காது. வெயிலும் மழையும் மாறி மாறி அடித்தால் ஒட்டு விட்டுப்போகும். நான்கு மூலையிலும் துருப்பிடிக்காத எஃகு கிளாம்ப் போடச் சொல்லுங்கள்.

பெயர் 3 அங்குலம், மற்ற எழுத்து 1 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இந்த அளவில் 35 சொல்லுக்கு மேல் கல்லில் ஏறாது. அதற்குமேல் ஏற்றினால் எழுத்தைச் சிறிதாக்குவார்கள், பிறகு கிட்டே போய்க் குனிந்துதான் படிக்க வேண்டும். வெட்டின் ஆழம் 2 மி.மீ. இருந்தால் வண்ணம் போனாலும் எழுத்து நிற்கும், வருடா வருடம் பூசிக்கொள்ளலாம்.

பெரும்பாலான பிழை கல் வெட்டும்போது வருவதில்லை, எழுத்துரு மாற்றும்போது வருகிறது. நீங்கள் போனில் அனுப்பும் யூனிகோட் எழுத்தைக் கடைக்காரர் தன் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார். கொம்பும் துணைக்காலும் இடம் மாறும், புள்ளி காணாமல் போகும். மணல் பீய்ச்சி வெட்டுகிற முறையானால் ஸ்டிக்கரில் 'ம', 'ழ' ஆகியவற்றின் உள்ளே நிற்கும் துணுக்கு பெயர்ந்து எழுத்து குழியாகிவிடும். ஆகவே முழு அளவில் தாளில் அச்சிட்டு வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். குடும்பத்தில் ஒருவர், வெளியாள் ஒருவர் எனத் தனித்தனியாகப் படித்துக் கையெழுத்திட்ட பிறகே வெட்ட வேண்டும். தலைப்பெழுத்தையும் பிறந்த தேதியையும் ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். குடும்பத்தார் வாய்மொழியாகச் சொல்லும் தேதி பல வீடுகளில் பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகாது.

வாசகத்தில் 'தன்னலமற்ற தொண்டர்' வேண்டாம். எல்லாக் கல்லிலும் அதுதான் இருக்கிறது. எந்தத் தெருவுக்கு எந்த வருடம் தண்ணீர் கொண்டுவந்தார் என்று எழுதுங்கள். வருடம் தெரியாவிட்டால், ஊராட்சித் தீர்மானப் புத்தகத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டு வாங்கலாம்.

நாளும் முக்கியம். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்பில் மணிமண்டபம் இருந்தாலும், அவரை உங்கள் பள்ளத்தாக்கு மறக்காமல் இருக்க அவர் பிறந்த ஜனவரி 15 பொங்கலை ஒட்டி வருவதும் கைகொடுக்கிறது. உங்கள் பெரியவருக்கும் ஊர் சும்மா இருக்கிற ஒரு நாளைப் பிடியுங்கள்.

கேள்வி: அண்ணாச்சி நினைவு நாளில் ரத்ததான முகாம். 300 பேரைத் திரட்டலாமா? (வாசகர், செங்கோட்டை)

பதில்: ஆளைத் திரட்டுவதற்கு முன் ரத்த வங்கியைக் கேளுங்கள், ஒரே நாளில் எத்தனை யூனிட் எடுத்துக்கொள்ள முடியும் என்று. சிவப்பணு 35 முதல் 42 நாள்தான் தாங்கும், தட்டணு (பிளேட்லெட்) 5 நாள். தேவைக்கு மேல் சேர்ந்தால் கீழே கொட்டத்தான் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 60 பேர் என்று பிரித்துக்கொண்டால் வருடம் முழுக்க அண்ணாச்சி பெயர் ஓடும். வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. பெண்களுக்கு இடைவெளி நான்கு மாதம். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள்தான் மயங்கி விழுகிறார்கள்; இட்லியை முகாமுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: காலமான எங்கள் ஊர்ப் பெரியவர் நினைவாக 2 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. அதில் கல்வி உதவி கொடுக்க டிரஸ்ட் பதிவு செய்யலாமா? (வாசகர், குமுளி)

பதில்: இந்தத் தொகைக்குத் தனி டிரஸ்ட் கட்டுப்படியாகாது. 7 சதவீத வட்டி கிடைத்தால் வருடம் 14,000 ரூபாய்; அதில் பெரும்பகுதியை ஆடிட்டர் செலவே தின்றுவிடும். ஏற்கெனவே பதிவுள்ள வாயனசாலையோ சங்கமோ தீர்மானம் போட்டுத் தனிக் கணக்குத் தொடங்கட்டும். மூவரில் இருவர் கையெழுத்து கட்டாயம். தனியாள் பெயரில் டெபாசிட் போடவே போடாதீர்கள். வட்டிக்கு வரி அவர் தலையில் விழும், அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணம் வாரிசுகளிடம் மாட்டிக்கொள்ளும். வட்டியில் கால் பங்கை அசலோடு சேர்த்துவாருங்கள், இல்லாவிட்டால் விலைவாசி ஏற ஏற அந்த வட்டிக்கு வாங்கக்கூடிய நோட்டுப் புத்தகம் குறைந்துகொண்டே போகும்.

கேள்வி: ஊருக்காக அலைந்த எங்கள் பெரியவர் காலமாகிவிட்டார். அவர் போட்டுவைத்த மனுக்கள் பாதியில் நிற்கின்றன. யார் தொடர்வது? (வாசகர், போடி)

பதில்: இரங்கல் கூட்டத்துக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. வீட்டாரிடம் கேட்டு அவருடைய பையையும் ஒப்புகைச் சீட்டுகளையும் எடுத்து, மனு எண், தேதி, அலுவலகம் என மூன்று பத்தியில் எழுதுங்கள். தகவல் உரிமை மனுவுக்கு 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்ய வேண்டியவர் மனுதாரர்தான். அவர் இல்லாததால் அதே கேள்விகளை உங்கள் பெயரில் புதிதாகப் போடுங்கள். பழைய மனுவின் எண்ணையும் அதில் குறிப்பிடுங்கள். பென்ஷன், பட்டா மனுக்களில் பயனாளியே மனுதாரர், அவை செல்லும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளுக்குப் பயனாளியைக் கையோடு கூட்டிப்போய், பழைய சீட்டின் நகலைப் புது மனுவோடு கொடுங்கள். ஒரே ஆள் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். ரேஷன் ஒருவர், பென்ஷன் ஒருவர், குடிநீர் ஒருவர் என்று பிரித்து, அந்தப் பெயர்களையும் போன் எண்களையும் இரங்கல் கூட்டத்திலேயே அறிவித்துவிடுங்கள்.