வாளுக்குப் பின்னால் நிற்கும் தகடு

வாசகர் கேள்வி – பதில்: தச்சுப் பட்டறை

கதவு நிலைகளுக்கு ஏற்ற மரங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதன் பின்னர் வன்னியின் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள் மரத்தை விட்டுவிட்டு வட்டவாள் மேசையைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இம்முறை முழுப் பகுதியும் அதற்கே.

கேள்வி: பத்து அங்குல வட்டவாள் மேசையில் வேப்பம் பலகையொன்றை நெடுக்காகக் கிழித்துக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி போனதும் பலகை எழும்பி என் வயிற்றில் அடித்தது. வாள் அன்றுதான் சாணை பிடித்தது. பிழை எங்கே? (புதுக்குடியிருப்பு)

பதில்: பழைய மேசையை வாங்கியபோது வாளுக்குப் பின்னால் வெறும் தாங்கியொன்று மட்டுமே இருந்ததாகவும், அது எதற்கென்று விற்றவருக்கும் தெரியவில்லை என்றும் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். விடை அந்தத் தாங்கியில்தான் இருக்கிறது: அது பிடித்திருக்க வேண்டிய தகடு உங்கள் மேசையில் இல்லை.

வாளின் முன்பக்கப் பற்கள் மேலிருந்து கீழே இறங்குவதால் பலகையை மேசையோடு அழுத்திப் பிடிக்கின்றன. பின்பக்கப் பற்களோ மேசைக்கு அடியிலிருந்து மேலெழுந்து, வெட்டுபவரை நோக்கியே திரும்பி வருகின்றன. பத்து அங்குல வாள் நிமிடத்துக்கு 3,800 சுற்றுச் சுழன்றால் அதன் பல்நுனி மணிக்கு ஏறக்குறைய 180 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். ஏ9 வீதியில் ஒன்றையொன்று முந்தும் பேருந்துகள்கூட அந்த வேகத்தை எட்டுவதில்லை. வெட்டுப்பட்ட பலகை அந்தப் பின்பற்களைத் தொட்டால், அவை அதைத் தூக்கி அதே வேகத்தோடு உங்கள் பக்கம் எறிகின்றன. வாள் கூராக இருந்ததா என்பதற்கும் இதற்கும் தொடர்பு குறைவு.

பலகை ஏன் பின்பற்களைத் தொட வேண்டும்? சாய்ந்து வளர்ந்த மரத்திலும், வெயிலில் மேற்புறம் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும் மரத்திலும் ஓர் இறுக்கம் ஒளிந்திருக்கும். பலகை முழுதாக இருக்கும்வரை அது தெரியாது. நடுவே கிழித்தவுடன் இரண்டு பாதிகளும் வெளிப்புறமாக விரியலாம், அல்லது உட்புறமாக வளைந்து வெட்டுத் தடத்தை மூடலாம். மூடினால் வாளை இடுக்கிபோலப் பிடித்துக்கொள்ளும். உங்கள் வேப்பம் பலகைக்கு நேர்ந்தது இதுதான் என்று நினைக்கிறேன். முக்கால்வாசி போன பின்னர் நடந்திருப்பதும் அதற்குப் பொருந்துகிறது.

உங்கள் மேசையில் இல்லாத தகடு இந்த மூடலைத் தடுப்பதற்கே இருக்கிறது. வாளுக்குப் பின்னால் அதன் வளைவை ஒட்டி நின்று, வாள் ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கி, பிளந்த இரு பாதிகளும் ஒன்றையொன்று நெருங்காமல் அது பார்த்துக்கொள்கிறது. அதன் தடிப்பு வாளின் உடலைவிடக் கூடுதலாகவும் பற்கள் வெட்டும் தடத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். வாளின் உடல் 2.2 மில்லிமீற்றரும் வெட்டுத் தடம் 3.2 மில்லிமீற்றரும் என்றால், 2.5 மில்லிமீற்றர்த் தகடு பொருந்தும். மேசை மட்டத்தில் தகட்டுக்கும் பல்லுக்கும் இடையே 8 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி கூடாது. பலகையின் நடுவே முழுதும் ஊடறுக்காமல் காடி (நீளப் பள்ளம்) எடுக்கும்போது, வாளை மேலிருந்து மூடும் மேற்காப்பு வழிமறிக்கும் என்று அதைக் கழற்றுபவர்கள், பெரும்பாலும் இந்தத் தகட்டையும் சேர்த்தே கழற்றிச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிடுகிறார்கள். நான் பார்த்த பட்டறைகள் பலவற்றில் அது அங்கேயே துருப்பிடித்துத் தொங்குகிறது. உங்களிடம் தாங்கி இருப்பதால், லேத் பட்டறையொன்றில் வாளையும் தாங்கியையும் கொடுத்து உருக்குத் தகட்டில் வெட்டுவித்துக்கொள்ளலாம். பூட்டிய பின்னர் நேரான மட்டக்கோல் ஒன்றை வாளோடும் தகட்டோடும் ஒட்டிப் பிடித்து, இரண்டும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். கோட்டை விட்டு விலகி நிற்கும் தகடு பலகையைத் தடக்கிவிடும்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். பலகையின் அகலத்தைப் பிடித்துத் தரும் 'கைட்' சட்டம் பின்பக்கத்தில் வாளை நோக்கிச் சற்றே சாய்ந்திருந்தாலும் இதே விபத்து நேரும். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரு பல்லில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, அந்தப் பல்லை முன்னே நிறுத்திச் சட்டத்துக்குள்ள தூரத்தை அளவுங்கள். பிறகு வாளைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்னே நிறுத்தி அளவுங்கள். பின்னளவு முன்னளவைவிட ஒரு மயிரளவும் குறையக் கூடாது. காட்டுமரத்தை நெடுக்காகக் கிழிக்கும்போது, சட்டத்தோடு ஒரு நேர்ப்பலகையைத் திருகி, அது வாளின் முன்பற்களைத் தாண்டியவுடன் முடிவதாக வைப்பது இன்னும் நல்லது. அப்போது வெட்டுப்பட்ட பாதிக்கு விரிவதற்கு இடம் கிடைக்கும்.

நிற்கும் இடத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் வாளுக்கு நேரே நின்றிருக்கிறீர்கள் என்பதை உங்கள் வயிறே சொல்கிறது. கைட் சட்டம் வலப்புறம் இருந்தால் வாளின் கோட்டிலிருந்து இடப்புறமாக விலகி நில்லுங்கள். பலகையின் கடைசி 300 மில்லிமீற்றரைக் கையால் தள்ளாதீர்கள். 450 மில்லிமீற்றர் நீளத்தில், நுனியில் பறவையின் அலகுபோல வெட்டுள்ள தள்ளுகட்டை ஒன்றைக் கழிவு மரத்தில் செய்து, மேசையிலேயே கைக்கெட்டும் கொளுக்கியில் மாட்டி வையுங்கள். இரண்டடி தள்ளி இருந்தால் எவரும் எடுக்கப் போவதில்லை. மறுபக்கத்தில் பலகையை வாங்குபவர் அதைப் பிடித்து இழுக்கக் கூடாது. வாளிலிருந்து 1,200 மில்லிமீற்றர் தூரத்துக்கு மேசையை நீட்டி, அதற்கு அப்பால் அவரை நிறுத்துங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் வேலைக்குப் போன ஒரு பட்டறையில், குறுக்கு வெட்டில் பலகையைப் பிடித்துத் தள்ளும் கருவியையும் கைட் சட்டத்தையும் ஒரே நேரத்தில் பயன்படுத்திச் சிறு துண்டுகள் அறுக்கச் சொன்னார்கள். வாளுக்கும் சட்டத்துக்கும் இடையே அகப்பட்ட நெருப்புப்பெட்டியளவு துண்டொன்று என் காதோரம் பறந்துபோய்ப் பின்னால் இருந்த தகரச் சுவரில் பதிந்த பள்ளம், நான் அங்கிருந்து விலகும்வரை அப்படியே இருந்தது. குறுக்கு வெட்டில் துண்டுக்கு விலகிப் போக வழி விட வேண்டும் என்பதை அந்தப் பள்ளத்திலிருந்துதான் கற்றேன்.

கேள்வி: எங்கள் காணியில் நின்ற முதிரையை அனுமதி பெற்றுத் தறித்தோம். பலகையை அறுக்கும்போது வாளில் ஏதோ 'டங்' என்று பட்டு மூன்று பற்கள் போய்விட்டன. உள்ளே செல் (எறிகணை) துண்டு. இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா? (ஒட்டுசுட்டான்)

பதில்: வன்னியில் மரம் அறுக்கும் எல்லோருக்கும் தெரிந்த துன்பம் இது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது மரங்களில் ஏறியிருந்த எறிகணைத் துண்டுகளும் சன்னங்களும் இப்போது பல ஆண்டு வளர்ச்சிக்குள் புதைந்திருக்கின்றன. வெளித்தோலில் காயமே தெரியாத மரமும் உண்டு. மரம் நுனியிலேதான் உயர்கிறது, அடிமரம் பருக்கிறதே தவிர மேலே எழுவதில்லை. ஆகையால் அன்று நெஞ்சளவில் ஏறிய துண்டு இன்றும் நெஞ்சளவிலேயே இருக்கும். தறித்த அடிமரத்தின் முதல் ஏழெட்டு அடியை மிகுந்த சந்தேகத்தோடு பாருங்கள்.

இரும்பு மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கருநீலக் கறையை உண்டாக்கும். பலகையில் காரணமில்லாமல் நாரின் வழியே ஓடும் மைக்கறை தெரிந்தால், அந்தக் கோட்டின் எங்கோ ஓரிடத்தில் இரும்பு இருக்கிறது. பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை நூலில் கட்டிப் பலகையின் மேல் மெதுவாகக் கொண்டுபோனால், இரும்பு ஆழமாக இல்லாவிடில் நூல் அந்தப் பக்கம் சாயும். செம்பும் ஈயமும் காந்தத்துக்கு அகப்படா. சன்னங்களில் சில அப்படி. அதற்குக் கண்ணும், சுருண்டு கட்டியாகிப்போன நாரைத் தடவி அறியும் விரலும்தான் உதவும். சந்தேகமான பகுதியை மேசைக்குக் கொண்டுவராமல் கைவாளால் வெட்டி ஒதுக்கிவிடுங்கள். இரண்டடி முதிரை போவது வலிக்கும்தான். வாளின் காபைட் (கடினக் கலப்புலோக) பல் உடையக்கூடியது, உடைந்த பல் எங்கே போய்த் தைக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. கண்ணாடி அணியாமல் இந்த மரத்துக்கு அருகே போக வேண்டாம்.

உலோகத்தில் பட்ட ஓசை கேட்டவுடன் பலகையைப் பின்னுக்கு இழுப்பதுதான் எல்லோருக்கும் வரும் முதற்செயல். அதைச் செய்யாதீர்கள். பலகையை இருந்த இடத்திலேயே அழுத்திப் பிடித்தபடி வாளை நிறுத்தி, அது முழுதாக ஓய்ந்த பின்னரே எடுங்கள். உள்ளே தெரிவது சிதறிய துண்டாக இல்லாமல் முழு வெடிபொருள்போலத் தோன்றினால், தொடாமல் விலகிப் பொலிசாருக்கு அறிவியுங்கள்.

கேள்வி: கையுறை போட்டு வேலை செய்தால் விரலுக்குப் பாதுகாப்புத்தானே? (மல்லாவி)

பதில்: இல்லை. வெறும் விரல் வாளில் பட்டால் விரல் வெட்டுப்படும். கையுறை பட்டால் பல் துணியைப் பற்றிக் கையையே உள்ளே இழுக்கும். இதே காரணத்தால் சாரத்தோடு மேசைக்கு முன் நிற்பதையும் நான் ஏற்பதில்லை. காற்சட்டை, குறுங்கைச் சட்டை, மூடிய சப்பாத்து போதும். மணிக்கட்டில் கட்டிய கோயில் நூலைக் கழற்ற மனமில்லாதவர் அதை மேற்கைக்கு ஏற்றிக் கட்டிக்கொள்ளலாம். அம்மன் கோபிக்க மாட்டாள்.

கேள்வி: மின்சாரம் நின்றபோது வாளில் சிக்கிய துண்டை எடுக்கக் கை வைத்தேன். அந்த நேரம் மின்சாரம் வந்தது. மயிரிழையில் தப்பினேன். 'ட்ரிப் சுவிட்ச்' பூட்டியிருந்தும் ஏன் இப்படி? (பரந்தன்)

பதில்: ட்ரிப் சுவிட்ச் மின்கசிவுக்கானது, மின்சாரம் போய்த் திரும்பி வருவதை அது தடுக்காது. சாதாரண ஆளி, போட்டபடியே கிடக்கும். உங்கள் மேசைக்கு வேண்டியது மின்சாரம் நின்றதும் தானாக விடுபட்டு, பச்சைப் பொத்தானைக் கையால் மீண்டும் அழுத்தும்வரை மோட்டரை ஓடவிடாத காந்த ஆளி. மின்பொருட் கடைகளில் மோட்டரின் குதிரைவலுவைச் சொல்லிக் கேளுங்கள். கோண இரும்புச் சட்டத்தில் நீரிறைக்கும் மோட்டரைப் பூட்டி ஊரில் செய்துகொள்ளும் மேசைகளில் பெரும்பாலும் இதுதான் விடுபட்டுப்போகிறது. நிறுத்தும் சிவப்புப் பொத்தானைத் தொடையால் இடித்தாலும் அழுந்தும் உயரத்தில் பூட்டினால், இரு கையும் பலகையில் இருக்கும்போதும் வாளை நிறுத்தலாம். அது இருந்தாலும், வாளைத் தொடுமுன் பிளக்கைக் கழற்றுங்கள்.

கேள்வி: என் கணவர் வீட்டோடு சேர்ந்த கொட்டிலில் முதிரை அறுக்கிறார். அவருடைய கழுத்திலும் கையிலும் சொறி, சிறியவனுக்கும் தும்மல். மரத்தூள் அப்படிச் செய்யுமா? (நெடுங்கேணி)

பதில்: முதிரையின் தூள் சிலருக்குத் தோல் அழற்சியை உண்டாக்கும் என்பது நெடுங்காலமாக அறிந்த செய்தி. அதைவிடப் பெரியது, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதலாம் வகுப்பில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இல் சேர்த்தது. மூக்கின் உட்பகுதியில் வரும் புற்றுநோயே முதற்காரணம். முகத்தில் துவாய் கட்டினால் கண்ணுக்குத் தெரியும் தூள் நிற்கும், நுண்தூள் நிற்காது. என்95 முகக்கவசம் வேண்டும். கொட்டிலின் வீட்டுப் பக்கத்தை அடைத்து, காற்றடிக்கும் பக்கத்தைத் திறந்துவிடச் சொல்லுங்கள். வேலை உடுப்போடு அவர் பிள்ளையைத் தூக்க வேண்டாம். சொறிக்குத் தோல் வைத்தியரைக் காட்டுங்கள்.

கேள்வி: தமக்கையின் மகனுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடம் விட்டுவிட்டான். வட்டவாளில் பழக்கலாமா? (விசுவமடு)

பதில்: 18 வயது நிறையாதவர்களை ஆபத்தான தொழிலில் ஈடுபடுத்துவதை நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கவில்லை. மருமகன் என்பதால் அது மாறாது. இந்த இரண்டு ஆண்டுகளில் கைவாள், உளி, சீவுளி, மட்டம் பார்த்தல், மரத்தின் நார் பார்த்தல் ஆகியவற்றைப் பழகட்டும். நாரைப் படிக்கத் தெரிந்த பையனுக்கு எந்தப் பலகை வாளை இறுக்கும் என்பது பின்னர் தானாகவே விளங்கும். ஆள் வைத்து வேலை செய்விப்பவர் நீங்கள் என்றால், 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்குக் காப்பு இடும்படி கேட்கிறது என்பதையும், காயத்துக்கு இழப்பீடு 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின்படி முதலாளியின் பொறுப்பு என்பதையும் அறிந்து வைத்திருங்கள்.

கேள்வி: விரல் துண்டிக்கப்பட்டால் வைத்தியசாலைக்குப் போகும்வரை என்ன செய்ய வேண்டும்? (மாங்குளம்)

பதில்: சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து இறுக அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். கோப்பித்தூளோ சுண்ணாம்போ அப்ப வேண்டாம். வைத்தியர் அதைக் கழுவி எடுப்பதற்கே நேரம் போய்விடும். மற்ற விரல்களில் மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

துண்டுபட்ட விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீருக்குள் வையுங்கள். விரல் ஐசில் நேரடியாகப் பட்டால் உறைந்து கெட்டுவிடும். தண்ணீரில் ஊறினாலும் பயனில்லை. பொருத்த முடியுமா என்பதை வைத்தியர்களே முடிவு செய்வார்கள், சிதைந்திருந்தாலும் கொண்டுபோங்கள். சத்திரசிகிச்சை நடக்கக்கூடும் என்பதால் காயப்பட்டவருக்குத் தேநீரோ சோடாவோ கொடுக்க வேண்டாம். விரல் மரத்தூள் குவியலுக்குள்ளோ மேசைக்கு அடியிலோ விழுந்திருக்கும். அதைத் தேடிக் கையை விடுபவர் முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும், ஏனெனில் அந்தப் பதற்றத்தில் வாள் பலவேளைகளில் இன்னமும் சுழன்றுகொண்டிருக்கும்.