எஃபெக்டை எங்கே வைப்பது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வயலின் வாசிக்கிறேன். வாசித்ததைப் பதிவு செய்து திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப்பர் பெடல் அலுத்துப்போய், ப்யூர் டேட்டா என்னும் ஒலி நிரல் மென்பொருளில் நானே ஒரு லூப்பர் கட்டினேன். லூப் திரும்பும் இடத்தில் ‘டிக்’ என்கிறது. மேலே வாசிப்பதெல்லாம் சற்றுப் பிந்திப் பதிவாகிறது. இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, பெடலே போதுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் டிக். கணினி ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து வைக்கிறது, ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள். லூப்பின் கடைசி சாம்பிளும் முதல் சாம்பிளும் வெவ்வேறு உயரத்தில் இருக்கின்றன. அந்தத் தாவல்தான் காதில் விழுகிறது. லூப்பை மூடிய பிறகும் 10 மில்லிசெகண்டு கூடுதலாகப் பதிவு செய்து, அந்த வாலை லூப்பின் தொடக்கத்தோடு கிராஸ்ஃபேடு செய்யுங்கள், அதாவது வால் மங்க மங்கத் தொடக்கம் எழும்படி கலந்துவிடுங்கள். வெறுமனே இரு முனைகளையும் ஃபேடு செய்தால் டிக் போய்விடும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் சின்னப் பள்ளம் விழும். நீண்ட வில்லில் அது நன்றாகவே தெரியும்.

பிந்துவதற்குக் காரணம் லேட்டன்சி, ஒலி கணினிக்குள் போய் வரும் தாமதம். நொடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில், கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் பஃபர் 128 சாம்பிள் என்றாலே ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்டு. பழைய லூப் உங்கள் காதுக்கு வருவதிலும் தாமதம், நீங்கள் வாசிப்பது உள்ளே போவதிலும் தாமதம். புதிய அடுக்கைக் கேட்டே அடுத்ததை வாசித்தால் பிழை கூடிக்கொண்டே போகும். மென்பொருள் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். ஒலியைக் கணினிக்குள்ளும் வெளியேயும் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸின் அவுட்புட்டை ஒரு கேபிளால் இன்புட்டில் சொருகி, ஒரு கிளிக்கை அனுப்பி, எத்தனை சாம்பிள் கழித்துத் திரும்பி வருகிறது என்று பாருங்கள். பதிவை எழுதும் இடத்தை லூப்பின் தொடக்கத்தை நோக்கி அத்தனை சாம்பிள் நகர்த்தினால் சரியாகிவிடும்.

பெடல் போதுமா? அடுக்குவது மட்டும்தான் வேண்டுமென்றால் தாராளமாகப் போதும். சொந்தமாகக் கட்டுவதன் பலன் ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்: ஃபீட்பேக் பாதை, அதாவது லூப்பின் ஒலி மறுபடி லூப்புக்குள்ளேயே திரும்பும் வழி.

ஒலியை மாற்றும் எஃபெக்டை லூப்புக்கு முன்னால் வைத்தால் அது பதிவில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. பின்னால் வைத்தால் எல்லா அடுக்குகளும் சேர்ந்து மாறும், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். பாதைக்குள்ளேயே வைத்தால் ஒலி ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி அதன் வழியே போகும். 1960களில் அமெரிக்க இசையமைப்பாளர்கள் டெர்ரி ரைலியும் பாலின் ஒலிவெரோஸும் இரண்டு டேப் ரெக்கார்டர்களுக்கு நடுவே ஒரே நாடாவை ஓட்டிச் செய்தது இதைத்தான். சுற்றச் சுற்ற நாடா மேல்சுருதிகளைத் தின்றுவிடும். உங்கள் பேட்சில், அதாவது ப்யூர் டேட்டாவில் கட்டிய நிரலில், அந்த இடத்தில் மேல்சுருதிகளைக் குறைக்கும் லோ-பாஸ் ஃபில்டர் ஒன்றை வையுங்கள், ஃபீட்பேக் 0.9 (ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒன்பது பங்கு மட்டும் திரும்பும்). ஏழாவது சுற்றில் ஒலி பாதிக்கும் கீழே இறங்கி, வில்லின் உரசல் போய் வெறும் சுருதி மட்டும் மிஞ்சும். அதே இடத்தில் சுருதியை ஏற்றும் பிட்ச் ஷிஃப்டர் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் படியேறிக்கொண்டே போகும்.

ஒரு எச்சரிக்கை. ஃபில்டரின் ரெசொனன்ஸைக் (ஒரு சுருதியை மட்டும் தூக்கிக் காட்டும் அமைப்பை) கூட்டினால் மொத்த கெய்ன், அதாவது ஒலியைப் பெருக்கும் அளவு, 1-ஐத் தாண்டி ஊளையிடும். பாதைக்குள்ளேயே ஒலியை ஓர் அளவுக்கு மேல் போகவிடாத லிமிட்டர் ஒன்றைப் போட்ட பிறகுதான் ஹெட்ஃபோனை மாட்ட வேண்டும். அப்புறம், ப்யூர் டேட்டாவில் அவுட்புட்டை நேராக இன்புட்டுக்கு இழுத்தால் ‘டிஎஸ்பி லூப்’ என்று பிழை காட்டும். ஒலியைச் சற்றுத் தாமதித்துக் கொடுக்கும் டிலே ரைட் (delwrite~), டிலே ரீட் (delread~) வழியே சுற்றி வாருங்கள்.

எட்டு லூப், இருபது குமிழ் என்று ஆரம்பிக்காதீர்கள். வயலின்காரருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். மிச்சம் ஒரு கால்தான். பதிவுக்கும், மேலே அடுக்கும் ஓவர்டப்புக்கும் ஒரு சுவிட்ச் போதும். மிதிக்கும் அளவுக்கேற்ப மதிப்பை மாற்றும் எக்ஸ்பிரஷன் பெடல் ஒன்று கிடைத்தால் அதை ஃபீட்பேக் அளவோடு இணையுங்கள். முழுக்க மிதித்தால் லூப் நிலைத்து ஓடும், காலைத் தளர்த்தினால் பழைய அடுக்குகள் கரையும். வாசிப்பை நிறுத்தாமலே அடுத்த பகுதிக்குப் போய்விடலாம்.